எரித்துவிட்டதாகச் சொன்னார்

கவரின் வாயைப் பசை போட்டு ஒட்டவில்லை. தைத்திருந்தார்கள்.

புரூஃப் மேடம் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அச்சகத்தில் இருபத்திரண்டு வருடம் எழுத்துப் பிழை பார்த்தவர். அச்சகத்துக்குப் பூட்டுப் போட்ட பிறகும் கண் சும்மா இருக்க மாட்டேன் என்று அடம்பிடித்ததால் துப்பறியும் தொழிலுக்கு வந்தார். எதிர் நாற்காலியில் இருந்த மைக்செட் அவருடைய உதவியாளர். பஸ் கண்டக்டராக இருந்தவர். பயணிகளிடம் அளவுக்கு மீறிப் பேசுகிறார் என்று மூன்று தடவை எச்சரிக்கை வாங்கி, நாலாவதுக்குக் காத்திருக்காமல் தானே விசில் அடித்து இறங்கிக்கொண்டவர்.

"மகா கஞ்சன் போல மேடம். பசை வாங்க மனசு வராம ஊசியைத் தூக்கியிருக்கான்."

"கஞ்சன் மெழுகு தேய்ச்ச நைலான் நூலால தைக்க மாட்டான். மைக்செட், வால்யூமைக் கொஞ்சம் குறைங்க."

வழக்கு நான்கு நாள் பழையது. மூளை ஆராய்ச்சிக்கூடம் ஒன்றின் தலைவியான டாக்டர் ஒருவர் நேரில் வந்து கொடுத்தது. ஐம்பதை நெருங்கும் வயது, இஸ்திரி கலையாத உடுப்பு, தூக்கம் பார்க்காத கண்கள். வலிப்பு நோய்க்குப் புது மருந்து தேடிப் பதினொரு வருடத்தைக் கரைத்தவர். வலிப்பு வரும் பத்துப் பேரில் மூன்று பேருக்கு இருக்கிற எந்த மாத்திரையும் சரியாகக் கேட்பதில்லை என்றார். பழைய மருந்துகளில் பெரும்பாலானவை மூளையில் கத்துகிற செல்களின் வாயைப் பொத்தப் பார்க்கின்றன. அவர் வேறு பக்கம் பார்த்தார். கத்தி முடிந்ததும் சிந்திக் கிடக்கும் உப்பைக் கூட்டிப் பெருக்கும் துணைச் செல்களும் மூளையில் உண்டு. அந்தச் செல்லின் மேல் ஒரு சின்னக் கதவு. வலிப்புக்காரர்களுக்கு அது பாதி சாத்திக் கிடக்கிறது என்று கண்டுபிடித்திருந்தார். அதைத் திறந்துவிடக்கூடிய மாத்திரை, வேறொரு நோய்க்காக ஏற்கெனவே கடைகளில் விற்றுக்கொண்டிருந்தது.

"அப்போ இத்தனை நாளா கச்சேரி பண்றவனையே அடிச்சிட்டு இருந்திருக்காங்க. பெருக்குறவன் லீவுல இருக்கானான்னு ஒருத்தரும் எட்டிப் பார்க்கல," என்றார் மைக்செட். நான்கு நாளில் டாக்டர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

போன மாதம், போட்டி ஆராய்ச்சிக்கூடம் ஒன்று அதே கதவை அறிவித்துவிட்டது. மனிதர்களிடம் சோதனையே தொடங்கப்போகிறார்களாம். டாக்டரின் பதினாறு பக்கக் கட்டுரை இன்னும் வெளியாகவில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் அதைப் பார்த்தவர்கள் அவரும், திசுவை மெல்லிசாகச் சீவித் தரும் டெக்னீஷியனும்தான். ஆகவே டெக்னீஷியன்தான் குற்றவாளி என்று அவர் முடிவே கட்டியிருந்தார்.

"கூடப் பிறந்தவன் மாதிரி வெச்சிருந்தேன். முதுகுல குத்திட்டான். நீங்க அதை எழுத்துல மட்டும் கொடுங்க, மீதியை நான் பார்த்துக்கறேன்," என்றார்.

இன்று காலை புரூஃப் மேடம் போட்டி ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவரைப் பார்த்தார். தான் யாரையும் விலைக்கு வாங்கவில்லை என்று காட்டுவதற்காக அவர் அந்தக் கவரைத் தூக்கிக் கொடுத்தார். ஒன்பது மாதம் முன்பு தபாலில் வந்ததாம்; தையலைத் தொடாமல் பக்கவாட்டில் கத்தரித்துத் திறந்திருந்தார்கள். உள்ளே பதினாறு பக்கங்களின் படங்கள், ஒரு கடிதம். அனுப்பியவர் பெயர் இல்லை. தாங்களும் அந்தக் கதவைத்தான் தட்டிக்கொண்டிருந்ததாகவும், கடிதம் தாழ்ப்பாள் எங்கே என்று மட்டும் காட்டியதாகவும் தலைவர் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் மேடத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

கடிதம் எங்கோ கடையில் பிரிண்ட் எடுத்தது. மேடம் உரக்கப் படித்தார்.

"இதோடு இருக்கும் பதினாறு தாளையும் படியுங்கள். உங்களுக்கு உதவும். இதை எழுதியவர் அந்தத் துண்டைக் குளிர வைக்கும் அலமாரியில் பதினொரு வருடமாக வைத்திருக்கிறார். எரித்துவிட்டதாகச் சொன்னார். தாள்களை மூலையில் கடித்துக்கொண்டிருந்த கம்பியை எடுத்துவிட்டுப் படம் பிடித்தேன், அதனால் ஓரம் கிழிந்திருக்கிறது. எனக்கு எதுவும் வேண்டாம். மாத்திரை சீக்கிரம் வரட்டும்."

டெக்னீஷியன் கெட்டிக்காரன் என்றார் மைக்செட். தொழில் தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ளாமல் இருக்க, ஃப்ரீசரைக் குளிர வைக்கும் அலமாரி ஆக்கிவிட்டான்.

"சரி. ஃப்ரீசருக்கு வேஷம் போட்டாச்சு. ஸ்டேப்ளர் பின்னுக்கு எதுக்கு வேஷம்?"

மேடம் கவரைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். கடிதம் பேசாததைத் தையல் பேசும் என்று அவருக்குத் தோன்றியது.

மார்க்கெட் வாசலில் செருப்புத் தைக்கிறவர் கவரை வாங்கி மூக்கருகே கொண்டுபோய் மெழுகை முகர்ந்தார். பிறகு நகத்தால் தையலை நிமிண்டினார். இது செருப்பு நூல் இல்லை, பை தைக்கிற நூல் என்றார். அதைவிட முக்கியமான சங்கதி ஒன்றும் சொன்னார். ஊருக்கெல்லாம் தையல் ஒரு பக்கம் சாய்ந்தால் இது மறுபக்கம் சாய்கிறது. இடக்கைக்காரன் போட்டது. ரயில் நிலையச் சுரங்கப்பாதையில் பை ரிப்பேர் செய்கிற ஒருவர் இருக்கிறார், அவரை எல்லாரும் அதுஇது என்று கூப்பிடுவார்கள்.

அது என்ன பேர் என்று மைக்செட் கேட்டதற்கு, போய் இரண்டு நிமிடம் நின்றால் தெரியும் என்றுவிட்டுச் செருப்புக்குத் திரும்பிவிட்டார்.

மத்தியான நேரமானாலும் சுரங்கப்பாதையில் குழல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தலைக்கு மேல் ரயில் போகும்போதெல்லாம் சுவர் லேசாக அதிர்ந்தது. கைக்கடிகாரத்துக்கு பேட்டரி போடும் அம்மா ஒருவரின் கடையை ஒட்டி, ஒரு மேஜை அகலத்தில் பை ரிப்பேர்க் கடை. கொக்கிகளில் பள்ளிக்கூடப் பைகள். சின்னச் சின்ன டப்பாக்களில் ஜிப் ரன்னர்கள், அளவு வாரியாக. நூலை இழுத்து இழுத்துப் பள்ளம் விழுந்த ஒரு மெழுகுக் கட்டி. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இடது கையில் ஊசியோடு குனிந்திருந்தார்.

சக்கரப் பெட்டியோடு வந்த ஒரு பெண்ணிடம் அவர் கேட்டார்: "ஓடுறது போயிடுச்சா, இல்ல பல்லு போயிடுச்சா?"

ரன்னர்தான் போய்விட்டது. அவர் பெட்டியை மடியில் சாய்த்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற மைக்செட்டைப் பார்த்து, "அண்ணே, அந்தக் கடிக்கிறதைக் கொஞ்சம் எடுங்க," என்றார். மைக்செட் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குறட்டை எடுத்துக் கொடுத்தார். கொடுத்த கையோடு மேடத்தின் காதருகே வந்தார்.

"மேடம், குளிர வைக்கிற அலமாரி இவர்தான்."

மேடமும் அதையேதான் நினைத்திருந்தார். கடிதம் எழுதியவர் எந்த வார்த்தையையும் மறைக்கவில்லை. மறைக்க அவரிடம் வார்த்தை இருந்தால்தானே. குனிந்திருந்தவரின் இடது காதுக்கு மேல் பிறை மாதிரி ஒரு தழும்பு. அந்த இடத்தில் மட்டும் முடி முளைக்கவில்லை. எரித்துவிட்டதாகச் சொன்னார். அப்படி ஒரு சமாதானத்தை யாரிடம் சொல்வார்கள்? டெக்னீஷியனிடம் சொல்ல மாட்டார்கள். அந்தத் துண்டு யாருடையதோ, அவரிடம்தான் சொல்வார்கள்.

பெட்டிக்காரப் பெண் போனதும் மேடம் கவரை மேஜைமேல் வைத்தார். பை ரிப்பேர்க்காரர் தன் தையலைப் பார்த்தார். முகத்தில் பயம் எதுவும் வரவில்லை. ரொம்ப நாளாக எதிர்பார்த்த விருந்தாளி வந்த மாதிரி ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"எங்க அக்கா அனுப்பிச்சாளா?" என்றார்.

மேடம் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

டாக்டரின் தம்பி அவர். ஒன்பது வயதில் தண்ணீர்த் தொட்டி ஏணியிலிருந்து விழுந்ததிலிருந்து வலிப்பு. பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. படுக்கையைச் சுற்றி டாக்டர்களும் மாணவர்களும் வட்டம் கட்டி நின்று தன்னைப் பாடம் படித்ததுதான் அவருடைய பால்ய காலம். பத்தொன்பதாவது வயதில் அறுவை சிகிச்சை செய்து, வலிப்பு கிளம்புகிற இடத்தை ஒரு துண்டாக வெட்டி எடுத்தார்கள். இரண்டு வருடம் நிம்மதி. பிறகு திரும்பி வந்துவிட்டது. பல பொருள்களின் பேர் மட்டும் போனது போனதுதான். எதற்கு என்று தெரியும், என்னவென்று வாயில் வராது. ஆபரேஷனுக்கு முன்னால் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார். எடுக்கிற துண்டை யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது, அழித்துவிட வேண்டும். படிவத்தில் 'சம்மதமில்லை' என்ற கட்டத்தில் தன் கையாலேயே கோடு போட்டார். பேச்சு திரும்பியபின் முதலில் விசாரித்ததும் அதைத்தான். எரித்தாகிவிட்டது என்று அக்கா சொன்னாள்.

ஒன்பது மாதம் முன்பு அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார். அவள் குளித்துவிட்டு வரும்வரை மேஜைமேல் கிடந்த தாள்களைப் புரட்டியிருக்கிறார். நோயாளி, வயது பத்தொன்பது, இடக்கைக்காரர், ஒன்பது வயதில் உயரத்திலிருந்து விழுந்தவர். தன்னைப் பற்றித் தானே படித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"அதைக்கூட மன்னிச்சிருப்பேன்," என்றார் தம்பி. ஊசியை மெழுகில் குத்தி வைத்துவிட்டுப் பேசினார். "ஓரத்துல அவ கையெழுத்துல எழுதியிருந்துச்சு. முழுசா முடிச்சுட்டு ரெண்டு வருஷம் கழிச்சு வெளியிடலாம்னு. எனக்கு மாசத்துக்கு ஆறு தடவை வருது. அங்கேயே நின்னு பெருக்கிப் பார்த்தேன். நூத்தி நாப்பத்தி நாலு. இப்பவே சொன்னா வேற யாராவது முந்திடுவாங்களோன்னு அவளுக்கு பயம். என் மண்டைக்குள்ள இருந்து எடுத்தது. நான் யாருக்காவது கொடுக்கக் கூடாதா?"

தம்பி மேலும் ஏதோ சொல்ல வந்தார். வார்த்தை பாதியில் நின்றது. கண் ஓரிடத்தில் குத்திட்டது. உதடுகள் எதையோ சுவைப்பது போல அசைந்தன. இடது கை மேஜைமேல் ஊசியைத் தேடித் தடவியது.

மைக்செட் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். அதற்குள் பேட்டரிக் கடைக்காரம்மா வந்துவிட்டார். ஊசியையும் குறட்டையும் எட்டாத தூரத்துக்கு நகர்த்தினார், தோளில் லேசாகக் கை வைத்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"தண்ணி வேண்டாம். பேசாம நில்லுங்க," என்றார்.

மைக்செட் பேசாமல் நின்றார். தலைக்கு மேல் ஒரு ரயில் போய் முடிந்தது. ஒரு நிமிடமும் பத்து விநாடியும் ஆனது. அந்த அம்மா தன் கல்லாவில் இருந்த சின்ன நோட்டில் நேரத்தை எழுதிக்கொண்டு, வாடிக்கையாளர் காத்திருந்ததால் தன் இடத்துக்குப் போனார்.

தம்பி மெதுவாக நிமிர்ந்து, பை தைக்க வந்தீர்களா என்று மேடத்திடம் கேட்டார். பிறகு மேஜைமேல் இருந்த கவரைப் பார்த்தார். நினைவு ஒவ்வொரு படியாக ஏறி வருவது முகத்தில் தெரிந்தது.

"சொல்லிட்டேனா?"

"சொல்லிட்டீங்க. வேண்டாம்னா நான் கேட்காத மாதிரியே போயிடறேன்."

"இல்ல. நான்தான்னு அவகிட்ட சொல்லிடுங்க. வேற யார் தலையிலயும் விழ வேண்டாம்."

திரும்பும் வழியில் பஸ்ஸில் மைக்செட் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்டக்டர் சில்லறை கேட்டதற்குக்கூட எடுத்துக் கொடுத்ததோடு சரி.

ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டர் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். மேடம் சுற்றி வளைக்காமல் கடிதத்தை நீட்டினார். மூன்றாவது வரியிலேயே டாக்டரின் கை அதைக் கீழே வைத்துவிட்டது. குளிர வைக்கும் அலமாரி. வேறு யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

வெகுநேரம் அவர் ஜன்னலைப் பார்த்தே பேசினார். அவனுக்காகத்தான் கல்யாணம் கூட வேண்டாம் என்று இருந்ததை, அவனுக்காகத்தான் இந்தத் துறைக்கே வந்ததை, அவன் விழும்போதெல்லாம் தாங்கிப் பிடித்த தன் மணிக்கட்டு இரண்டு தடவை முறிந்ததை. எதுவும் பொய் இல்லை என்பது மேடத்துக்குப் புரிந்தது.

"பதினொரு வருஷம். ஒரு தபால்ல போட்டுட்டான். கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேனே."

"எரிச்சாச்சுன்னு சொன்னதைப் பத்தி எப்படிக் கேட்பாரு?" என்றார் மேடம்.

டாக்டரின் குரல் மாறியது. சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி, அலமாரியைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்து மேஜையில் வைத்தார். முதலில் மறுத்தது உண்மைதான். பிறகு அவனே மனம் மாறிச் சம்மதம் கொடுத்துவிட்டான். இரண்டு படிவங்களும் இருக்கின்றன. யார் கேட்டாலும் காட்டலாம்.

புரூஃப் மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். படிவங்களை அருகருகே வைத்து, அச்சுக்குப் போகுமுன் கடைசிப் பிரதியைப் பார்ப்பது போல வரி வரியாக இறங்கினார். முதல் படிவம் ஆபரேஷனுக்கு முந்தின நாள். அடியில் இடப்பக்கம் சாய்ந்த தெளிவான கையெழுத்து. இரண்டாவது, ஆபரேஷன் முடிந்த ஆறாம் நாள். அடியில் நீல மையில் ஒரு கட்டைவிரல்.

"கையெழுத்துப் போடத் தெரிஞ்சவர் எதுக்கு டாக்டர் கைநாட்டு வெச்சார்?"

"இடது கையில டிரிப்ஸ் ஊசி இருந்துச்சு."

"சரி. படிச்சுப் பார்த்தாரா?"

அடுத்த அறையில் ஏதோ ஒரு இயந்திரம் சுற்றி ஓயும் சத்தம் கேட்டது. டாக்டர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அந்த வாரம் அவனால படிக்க முடியல. கதவைக் காட்டினா கதவுன்னு சொல்ல வரல. என்ன தாள்னு கேட்கிறதுக்குக்கூட அவன்கிட்ட வார்த்தை இல்ல. என்னைப் பார்த்துச் சிரிச்சான். நான் விரலைப் பிடிச்சு அழுத்தினேன்."

திருடனைக் கண்டுபிடிக்கச் சொல்லி வந்தவர் அவர். திருட்டு நடந்தது பதினொரு வருடம் முன்பு, ஒரு மருத்துவமனைக் கட்டில் ஓரத்தில், ஊசி இல்லாத கையில். அவரிடமே விசாரணை முடிந்துவிட்டது.

என்ன எழுதட்டும் என்று மேடம் கேட்டார். டெக்னீஷியன் குற்றமற்றவர் என்று முதலில் எழுதச் சொன்னார் டாக்டர். பிறகு, நடந்தது நடந்தபடி எல்லாமே என்றார். இரண்டு படிவங்களையும் தானே நெறிமுறைக் குழுவிடம் கொடுக்கப்போவதாகச் சொன்னார். அதற்கப்புறம் இந்த அறையில் தனக்கு நாற்காலி இருக்காது என்பது அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலை அவர் சுரங்கப்பாதைக்குப் போனார். தனியாகப் போகத் தைரியம் இல்லாமல் மேடத்தையும் மைக்செட்டையும் வரச் சொல்லியிருந்தார். தம்பி அங்கே கடை போட்டு ஏழு வருடம். அக்கா அதைப் பார்ப்பது அன்றுதான்.

டாக்டர் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். தம்பி கையைக் காட்டி நிறுத்தி, மேஜைக்கு அடியிலிருந்து ஒரு தாள் கட்டை எடுத்தார். போட்டி ஆராய்ச்சிக்கூடத்தின் மாத்திரைச் சோதனைக்கு ஆள் சேர்க்கிறார்களாம். மற்றவர்களோடு வரிசையில் நின்று வாங்கி வந்த படிவம்.

"இதைப் படி. எல்லாத்தையும் படி. எனக்குக் கேட்கிற மாதிரி."

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்து படித்தார். ஒன்பது பக்கம். மேலே ரயில் போகும்போது நிறுத்தி, போனபின் விட்ட வரியிலிருந்து தொடங்கினார். தம்பி இரண்டு இடத்தில் புரியவில்லை என்றார், அக்கா விளக்கினாள். 'விருப்பமில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்' என்ற வரியை மறுபடி படிக்கச் சொன்னார். படித்தாள். குரல் உடைந்தும் நிறுத்தாமல் படித்தாள்.

கடைசிப் பக்கத்தில், நோயாளியை அருகிலிருந்து கவனிப்பவர் என்ற இடம் ஏற்கெனவே நிரப்பியிருந்தது. பேட்டரிக் கடைக்காரம்மாவின் கையெழுத்து. உறவு என்ற கட்டத்தில், பக்கத்துக் கடை.

டாக்டர் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரியா இருக்கா?" என்று தம்பி கேட்டார்.

"சரியாத்தான் இருக்கு."

தம்பி இடது கையால் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை ஊதினார். தாள்களை வாங்க அக்காவின் கை தானாக நீண்டது. அவர் கவனித்தாரோ இல்லையோ, அப்படியே மடித்து, பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிப் பக்கத்துக் கடையில் கொடுத்தார்.